20 வருடமாக இங்கேயே வாழும் எங்கள் குருவை வெளியேறச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

சிற்றோடை:
எங்களுக்குத் தியானமும் பதிகமும் சொல்லித்தரும் பெரியவர் நார்வேயில் பிறந்தவர், வயது 74. 2006இல் இந்தியா வந்தார். என்ட்ரி விசாவை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே இங்கு இருக்கிறார். இந்த முறை நீட்டிப்பு இல்லை, 30 நாளில் கிளம்ப வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. காரணம் ஒரு வரிகூட இல்லை.

போன வியாழன் ஒரு பழைய துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 2006 முதல் எல்லாப் பதிவுத் தாள்களும் வருட வாரியாக இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில், தமிழில் தேதி. "ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார். மூன்று முறை பார்த்தேன், எதுவும் விட்டுப்போகவில்லை.

என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி 40 நாளும் மாலையில் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து பாடியவர் இவர். அப்பாவுக்குப் பேச்சு நின்ற பிறகும் அந்தப் பாட்டுக்கு மட்டும் கட்டைவிரல் தாளம் போடும். மத சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்று அரசியல் சட்டம் சொல்கிறதே, இவருக்கு இங்கே இருக்க உரிமை இல்லையா?

நீதிமன்ற_வாசல்:
சகோதரி, கசப்பாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவின் மத சுதந்திரமும் 21ஆவது பிரிவின் உயிர், சுதந்திரப் பாதுகாப்பும் வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் இந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை 19ஆவது பிரிவில் வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும்தான். லூயி டி ரெய்ட் வழக்கைப் படியுங்கள். பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார், 1937இலேயே இந்தியா வந்தவர். இத்தனை காலம் இருந்ததால் நான் இந்தியக் குடிமகன்தான் என்று வாதாடினார். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் தங்கல் அனுமதி வாங்கித்தான் அவர் இருந்துவந்தார். உங்கள் குருவின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுவே.

அதனால் "உரிமை" என்று மட்டும் நிற்காதீர்கள். காரணம் சொல்லாததை, அவர் தரப்பைக் கேட்காததைப் பிடியுங்கள். முதலில் எழுத்துப்பூர்வமாக முறையிடுங்கள். அப்புறம் அரசியல் சட்டம் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து மனு. வெளிநாட்டவரும் போடலாம். 30 நாள் முடியும் முன் போட வேண்டும், இதில் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

குமரன்77:
நான் பத்து வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவன். விசா முடிந்த அன்றே பெட்டி கட்டினேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? பணம், மதமாற்றம் என்று புகார் ஏதும் இல்லையா?

சிற்றோடை:
நியாயமான கேள்விதான் அண்ணா. புகார் இருந்தால் சொல்லட்டும், அவர் பதில் சொல்வார். அவர் பெயரில் நிலம் இல்லை, அறக்கட்டளை இல்லை, காணிக்கை வாங்குவதில்லை. யாரையும் எந்த மதத்துக்கும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் அதிகமாகச் சொல்லித்தந்தது 'ழ'தான். "நாக்கை மடிச்சு விடு, அவசரப்படாதே" என்பார். தமிழ் வாத்தியார் மகளான எனக்கு!

நீதிமன்ற_வாசல்:
இதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 6ஆவது பிரிவைப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் மொத்தம் 11 ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. தத்துவத்துக்குச் சிறந்த தொண்டு செய்தவருக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. குளித்தலை சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர் 1960இல் இந்தியக் குடிமகன் ஆனவர்தான். ஒன்று மட்டும்: பழைய குடியுரிமையை விட வேண்டும், இரண்டும் வைத்துக்கொள்ள முடியாது.

ஊர்க்காரர்களிடம் கடிதம் வாங்குங்கள். "நல்லவர்" என்று எழுத வேண்டாம். உங்கள் அப்பாவின் கட்டைவிரலைப் பற்றி எழுதியது மாதிரி எழுதட்டும்.

சிற்றோடை:
குடியுரிமை கேட்கலாமா என்று இன்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நார்வேயில் அவருடைய அக்கா இருக்கிறார், 81 வயது. "அவளைப் பார்க்கப் போக அப்புறம் நான் விசா கேட்கணும், இல்லையா?" என்றார். பிறகு, "சரி, கேட்டுக்கிறேன்" என்றார்.

பதினோரு கடிதம் சேர்ந்திருக்கிறது. நாளைக் காலை துணிப்பையோடு வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.