நெடுந்தீவுப் பயணம்: புதுப்பிப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்டு அன்றைக்கே நெடுந்தீவைப் பார்த்துத் திரும்ப முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டதால், விடையை நானே எழுதுகிறேன். முடியும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ 1 மணி நேரப் பயணம். கடல் கொந்தளிக்கும் காலத்தில் சேவை நின்றுவிடக்கூடும் என்பதால், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கரையிறங்கியதுமே கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

தீவுக்குள் ஓட்டோ கிடைக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையும் பருத்த அடிமரம் கொண்ட பெருக்கு (பாவோபாப்) மரமும் எல்லோரும் பார்ப்பவைதாம். என்னை நிறுத்திவைத்தவை வேலிகளே. சாந்து எதுவும் பூசாமல், பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வளவுகளைச் சுற்றி எழுப்பியிருக்கும் அந்த மதில்களின் இடுக்குகள் வழியே காற்று தாராளமாகப் புகுந்து போகிறது. தயவுசெய்து அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அவை மக்கள் குடியிருக்கும் வளவுகளின் எல்லைகள்.

நல்ல தண்ணீர் அங்கே அரிது என்பதால், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். வறட்சிக் காலத்தில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும் தண்ணீரின்றி மாள்கின்றன. அவற்றைத் துரத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டு மனம் நொந்தேன். வெற்றுப் போத்தல்களை மறவாமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.