பணியிடச் சமரசப் பயிற்சி யாருக்குப் பயன்படும்?

மணலி மேற்பார்வையாளர்: எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர்கள் சிலரைச் சமரசப் பயிற்சிக்கு அனுப்ப நிர்வாகம் முன்வந்திருக்கிறது, தொழிற்சங்கத்தினர் சிலர் எதிர்க்கிறார்கள். அனுப்ப வேண்டும் என்பதே என் கட்சி. மாலை ஷிப்டின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், அடுத்தவர் வருமுன்பே சாவியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், அவரை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று அடுத்த ஷிப்ட்காரரின் புகார் ஒன்று மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒருவர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, ‘என்ன வேண்டும்’ என்பதோடு நிறுத்தாமல் ‘ஏன் வேண்டும்’ என்றும் கேட்டபோதுதான், ஓட்டுநர் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார் என்பதும், சார்ஜ் இல்லாத வண்டிக்காக ஏச்சு வாங்குவதே மற்றவரின் உண்மையான குறை என்பதும் வெளிவந்தன. சார்ஜ் நிலவரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுச் செல்வது என்று முடிந்தது.

புளியந்தோப்பு தொழிலாளி: ஐயா, நீங்கள் சொன்னது சமமான இருவருக்கு இடையிலான சச்சரவு. ஓவர்டைம் பணத்தை நிறுத்திவைக்கும் ஒப்பந்தக்காரருக்கும், அதைக் கேட்டதாலேயே மறுநாள் வேலைக்கு அழைக்கப்படாதவருக்கும் இடையே என்ன சமரசம்? சேர வேண்டிய கூலியில் பாதிக்கு ஒப்புக்கொள்ள வைப்பதற்கு அது நாகரிகமான பெயர், அவ்வளவுதான். 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) நெசவாலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, முதலாளியிடம் தனியாளாகப் பேசிப் பயனில்லை என்பதால்தான்.

மணலி மேற்பார்வையாளர்: அப்படியானால் 1921ஐயும் சொல்ல வேண்டும். அதே ஆலையின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் எதிரெதிராக நின்றார்கள். உங்கள் புளியந்தோப்பில்தான் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர்களுக்குள் மூளும் பகையைச் சங்கத்தால் மட்டும் தீர்க்க முடியவில்லையே.

புளியந்தோப்பு தொழிலாளி: சாதிப் பகையைப் பயிற்சி வகுப்பு தீர்த்திருக்கும் என்கிறீர்களா?

ராயபுரம் வழக்கறிஞர்: இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. நீதிமன்றச் சமரசர்களுக்கான அடிப்படைப் பயிற்சியே 40 மணி நேரம்; அங்கே முதலில் கற்பிக்கப்படுவது தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதும், ஒருவர் தனியே சொன்னதை அவர் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்லாமல் இருப்பதும். உங்கள் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் மேற்பார்வையாளர் எத்தனை மணி நேரம் படித்தாலும் நடுநிலையாளர் ஆக முடியாது. அவருக்குப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் வரலாம், அதுவே பெரிய லாபம். ஆனால் சமரசராக அவரை உட்கார வைக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் புகாரில் இன்னும் கவனம் தேவை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால்தான் விசாரணைக்கு முன் சமரச முயற்சி. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவே முடியாது. ‘நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்’ என்று அந்தப் பெண்ணை அழைக்கும் மேலாளரை நான் பார்த்திருக்கிறேன்.

புளியந்தோப்பு தொழிலாளி: வழக்கறிஞர் சொல்வது நியாயம். சங்கம் அனுப்பும் ஆட்களுக்கும் அதே பயிற்சியில் இடம் தரட்டும். ஒப்புக்கொள்ள மறுத்தவர் மீது நடவடிக்கை இருக்காது என்று எழுத்தில் தரட்டும். கூலிப் பாக்கி மட்டும் இந்த மேசைக்கே வரக் கூடாது, அது தொழிலாளர் துறைக்குப் போகட்டும்.

மணலி மேற்பார்வையாளர்: முதல் இரண்டையும் நிர்வாகத்திடம் கேட்கிறேன். கூலி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் பிழையால் வரும் பாக்கியும் உண்டு, அதைப் பேசியே சரிசெய்யலாம். பயிற்சி ஷிப்ட் நேரத்திலேயே, சம்பளப் பிடித்தம் இல்லாமல் நடந்தால் உங்கள் ஆட்கள் வருவார்களா?

புளியந்தோப்பு தொழிலாளி: ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்ப்பார்களா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.