ஐந்து ரவுண்டு முடிந்து 52 நாள்: ‘இல்லை’ என்று ஒரு வரி எழுத முடியாதா?

ஓஎம்ஆர் பயணி:
சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். ஜாவா வேலை, எனக்கு ஒன்பது வருட அனுபவம். ஹெச்ஆர் போன், ஆன்லைன் கோடிங் டெஸ்ட், இரண்டு டெக்னிக்கல், மேனேஜர் ரவுண்டு. நடுவில் வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொன்ன ப்ராஜெக்ட் வேறு. ஒரு சனி, ஞாயிறு முழுக்க அதில் போனது. மகளின் பிறந்தநாளும் அந்த ஞாயிறுதான். கடைசியில் மேனேஜர், “ஹெச்ஆர் கூப்பிடுவார்” என்றார். இன்றோடு 52 நாள். மூன்று மெயில் போட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதிலைத்தான் காணோம். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர்கள் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். இதுதான் என் கட்சி.

ஆளெடுப்பவன்:
பதினோரு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கமும் கேளுங்கள். ஆஃபரைக் கையில் வாங்கிக்கொண்டு, 90 நாள் நோட்டீஸ் பீரியட் முழுக்க அதைக் காட்டியே இன்னும் நாலு இடத்தில் விலை பேசுகிறார்கள். சேர வேண்டிய நாளில் லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அதனால்தான் இரண்டாவதாகத் தேறியவரிடம் நாங்கள் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. முதல் ஆள் வந்து உட்காரும்வரை அவர் கைவசம் இருக்க வேண்டும். 52 நாளாகப் பதில் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான் சார்.

கோவைக்காரி:
ஆக, ஸ்டெப்னி டயர் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். சந்தோஷம்! அந்த 90 நாளை வைத்தது யார்? வெளியே போகிறவர் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வேண்டும், உள்ளே வருகிறவர் மட்டும் ‘இம்மீடியட் ஜாயினர்’ ஆக இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் இப்படியே நினைத்தால் ஆள் எங்கிருந்து வருவார்? அப்புறம் சம்பளம். என் மூன்று மாத பே ஸ்லிப்பை முதல் போனிலேயே கேட்பீர்கள். உங்கள் பட்ஜெட் என்ன என்று நான் கேட்டால் “கம்பெனி நார்ம்ஸ்படி மேடம்”.

நெல்லைப் பையன்:
அண்ணா, உங்களுக்கு ஐந்து ரவுண்டாவது நடந்திருக்கிறது. நான் 2025 பேட்ச். தினமும் காலையில் வேலை தேடும் தளமான நௌக்ரியைத் திறந்து ப்ரொஃபைலில் ஒரு கமா சேர்ப்பேன், மறுநாள் அதை எடுப்பேன். அப்போதுதான் மேலே தெரியுமாம். இதுவரை போன் செய்தவர்கள் எல்லோரும் டெபாசிட் கட்டச் சொன்ன கன்சல்டன்சிகள்தான்.

ஓஎம்ஆர் பயணி:
தம்பி, பணம் என்று வாயெடுத்தாலே போனை வைத்துவிடு.

ஸ்காபரோ செல்வி:
பயணி கேட்கிற சட்டம் இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனம் பொதுவில் விளம்பரம் செய்து ஆட்களை நேர்முகத்துக்கு அழைத்தால், அவரவருடைய கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாளுக்குள் முடிவெடுத்தாயிற்றா என்று அறிவிக்க வேண்டும். ‘கனடா அனுபவம் வேண்டும்’ என்று விளம்பரத்தில் போடவும் கூடாது. கொழும்பில் எட்டு வருடம் கணக்கு எழுதிவிட்டு வந்த எனக்கு, அந்த ஒரு வரியாலேயே இரண்டு வருடம் கோப்பிக் கடையில் போனது.

ஆளெடுப்பவன்:
அக்கா, அந்தச் சட்டத்தில் காரணம் சொல்லச் சொல்லவில்லையே. முடிவெடுத்தாயிற்றா, இல்லையா, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தானாக ஒரு மெயில் தட்டிவிடும். அதில் யாருக்கு என்ன லாபம்? நான் ஒருமுறை மனசு கேட்காமல் ஒரு பையனுக்குக் காரணம் எழுதினேன்: ‘டேட்டாபேஸ் அடிப்படை போதவில்லை’. மறுநாள் அது ஸ்க்ரீன்ஷாட்டாக லிங்க்ட்இன்னில், என் பெயரோடு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதை இங்கே எழுத முடியாது.

ஓஎம்ஆர் பயணி:
என்ன லாபமா? மேனேஜர் ரவுண்டு முடிந்த அந்த வாரமே வேறொரு சின்னக் கம்பெனியில் ஆஃபர் கொடுத்தார்கள். இந்த ஹெச்ஆர் கூப்பிடுவார் என்று பத்து நாள் தவணை கேட்டேன். அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் தட்டிவிட்ட மெயில் வந்திருந்தால்கூட அந்த வேலையில் இப்போது நான் இருந்திருப்பேன்.

கோவைக்காரி:
ஆளெடுப்பவன் சார், ஒரே கேள்வி. இந்த நிமிடம் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

ஆளெடுப்பவன்:
ஷீட்டைத் திறந்து பார்த்தேன். ‘ஹோல்ட்’ என்று 23 பேர். அதில் ஆறு பேர் வந்த வேலையையே போன மாதம் மூடிவிட்டார்கள்; நானும் மறந்துவிட்டேன். சரி, சட்டம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, காரணமும் எழுத மாட்டேன். அந்த ஆறு பேருக்குத் திங்கட்கிழமை மெயில் போகும்.

கோவைக்காரி:
இன்று வியாழன்தானே சார்?