தம்பிக்கு 38 வயதில் மறதி. பழைய கால் உடைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

விசுவமடு அக்கா:
இரண்டு வருடமாகத் தம்பி ஆளே மாறிவிட்டான். செத்த வீட்டில் சிரிக்கிறான். நெல் விற்ற காசை வழியில் நின்ற ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தான். போன மாதம் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டு, நிறுத்தத் தெரியாமல் கிணற்றடியிலேயே நின்றான். கிளினிக்கில் சண்டைக்கால யோசனை என்று குளிசை தந்தார்கள். எட்டு மாதம் போட்டும் மாற்றமில்லை. அந்தச் சண்டைக்குள் நானும்தானே இருந்தேன்?

இன்னொன்று, இதோடு சேருமோ தெரியாது. 26 வயதில் வரம்பில் சறுக்கிக் கணுக்கால் உடைந்தது. அடுத்த வருடம் சைக்கிள் சரிந்ததுக்கே மணிக்கட்டு. அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான், மச்சாள். வேறு யாருக்காவது இப்படி?

வன்னி மிஸ்ஸி:
அக்கா, அந்தக் கடைசிப் பந்தியை டொக்டரிடம் சொன்னீர்களா? முதலில் தைரொயிட், பி12, தலை ஸ்கான் பார்க்கவேண்டும். சுகப்படுத்தக்கூடிய காரணம் இருந்தால் அதில் பிடிபடும். ஆனால் இளவயதில் கை கால் எலும்பு உடைந்து, 30களில் குணம் மாறுவது நாசு-ஹகோலா என்ற மிக அரிய பரம்பரை நோயின் போக்கு. 1970களில் ஜப்பானிலும் பின்லாந்திலும் விவரித்தார்கள். டிரெம்2 அல்லது டைரோப் மரபணு பழுதானால் வரும். மூளைக்குள் குப்பை கூட்டும் மைக்ரோக்ளியா என்ற நோயெதிர்ப்புக் கலங்களும், பழைய எலும்பை அரித்தெடுக்கும் கலங்களும் இந்த மரபணுக்களை நம்பித்தான் வேலை செய்கின்றன. அதனால் ஒரே பழுது எலும்பில் குமிழ் குமிழாகவும் மூளையில் அழற்சியாகவும் வெளிப்படும். கை, பாத எக்ஸ்றே எடுத்தால் குமிழ் தெரியும்.

முறிகண்டிப் பொடியன்:
சும்மா பயமுறுத்தாதீங்கோ மிஸ்ஸி. நானும் மச்சாளைத்தான் கட்டினேன். எங்கள் பிள்ளைகளுக்கும் வருமோ?

வன்னி மிஸ்ஸி:
அப்படியில்லைத் தம்பி. தாய், தகப்பன் இருவரிடமும் பழுது இருக்கவேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்றுதான். சொந்தத்துக்குள் கட்டினால் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான்.

அக்கா, இதைச் சுகப்படுத்த மருந்தில்லை, மறைக்கவில்லை. ஆனால் இந்த நோயில் வலிப்பும் வரும், அதற்கு மருந்து இருக்கிறது. கிணற்றடிக்குத் தனியே விடாதீர்கள்.

விசுவமடு அக்கா:
எலும்பு உடைந்ததைக் கிளினிக்கில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணுக்கால் எக்ஸ்றே படத்தை 2019 மார்கழிக் கிரகணம் பார்க்கப் பிள்ளைகள் வெட்டிவிட்டார்கள். மணிக்கட்டுப் படம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. யன்னலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கென்ன விளங்கும், எலும்பு எலும்பாகத்தான் தெரிகிறது. வியாழன் கிளினிக்குக் கொண்டுபோகிறேன். மோட்டர் சாவி இப்போது என் இடுப்பில்.