கருப்புக் கல் தூளும் மாமர சாம்பலும்: சூளை அனுபவங்கள்

பர்கூரிலிருந்து:

ஜெகதேவி பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்தான். கிரானைட் பட்டறைகளின் ஓரத்தில் கல் அறுத்த சேறு காய்ந்து மேடாகக் கிடக்கும். பானை மேல் பூசிச் சுட்டால் கண்ணாடி போலப் படியும் பூச்சுக்குக் கிளேஸ் என்று பெயர். என் கிளேஸுக்கு மூலப்பொருள் அதுதான். கருப்புக் கல் தூளை நீரில் கரைத்து, காந்தத்தை விட்டு ரம்பத்தின் இரும்புத் துகள்களை எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டுவேன். மாந்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகளை எரித்த சாம்பலையும் சலித்துச் சேர்ப்பேன்.

அந்தக் கண்ணாடிக்கு அடிப்படை, மணலிலும் கல்லிலும் உள்ள சிலிகா. அது தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். கல்லில் உள்ள சோடியமும் பொட்டாசியமும், சாம்பலின் சுண்ணாம்புச் சத்தும் அதை 1250 டிகிரி அளவிலேயே உருக வைத்துவிடுகின்றன. உருகியது வழிந்தோடாமல் பாத்திரத்தின் சுவரில் பிடித்து நிற்பது கல்லில் உள்ள அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடு) புண்ணியம்.

எனக்குச் சலிக்கவே சலிக்காத நேரம் 1230 டிகிரியைத் தாண்டும்போது வருகிறது. கருப்புக் கண்ணாடி அணிந்து பார்வைத் துளை வழியே பார்த்தால், கிண்ணத்தின் மேல் கிளேஸ் ரசம் நுரை கட்டுவது போலக் கொப்பளிக்கும். கல்லில் இருக்கும் இரும்பு ஆக்சைடு அந்தச் சூட்டில் ஆக்சிஜனை விடுகிறது. அதுதான் குமிழியாக மேலே வருகிறது. வரும்போது இரும்பையும் இழுத்து வந்து, வெடித்த இடத்தில் விட்டுவிடுகிறது. கிளேஸ் கெட்டியாக இருந்தால் கருப்புப் பரப்பில் வெள்ளிப் புள்ளிகளாக அது தெரியும். அந்த நேரத்தில் அடுப்பை அவசரமாக அணைக்கவே கூடாது. சூட்டைச் சற்று நேரம் அப்படியே நிறுத்தினால்தான் குழிகள் மூடும்; இல்லையென்றால் ஊசித் துளைகளாகவே உறைந்துவிடும்.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டில் ஏரி மண்ணில் பானை செய்கிறோம். உங்கள் கிளேஸை ஒரு சட்டியில் பூசிப் பார்க்க ஆசை. ஆனால் 1100 டிகிரியைத் தாண்டினாலே எங்கள் மண் உப்பிக் கோணிவிடுகிறது. குறைந்த சூட்டில் உருகும் என்று ஒருவர் ஈயம் கலந்த பொடியைக் கொடுத்தார். அம்மா தொடவே விடவில்லை.

பர்கூரிலிருந்து:

அம்மா செய்ததுதான் சரி, தம்பி. ஈயக் கிளேஸ் பூசிய சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் ஈயம் குழம்பில் இறங்கும். அதைச் சமையல் பாத்திரத்துக்குக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஈயமில்லாத போராக்ஸ் பிரிட் (போராக்ஸ் சேர்த்து முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) கிடைக்கும். 1000 டிகிரிக்குள்ளேயே உருகும். முதலில் சின்ன ஓடுகளில் சோதியுங்கள். ஆறிய பிறகு கிளேஸில் வலை போல விரிசல் விழுந்தால், மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குகிறது என்று பொருள். கொஞ்சம் சிலிகா கூட்டினால் குறையும்.

இன்னொன்று. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் பழங்காலக் கருப்பு சிவப்புப் பானைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கிளேஸ் கிடையாது. மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிச் சுட்ட பானைகள் அவை. காற்று பட்ட பக்கம் சிவப்பு, காற்று படாத பக்கம் கருப்பு. உங்கள் ஏரி மண்ணுக்கு அந்த வழியும் பொருந்தும். ஒரு சட்டியைக் கூழாங்கல்லால் நன்றாகத் தேய்த்து, உமிக்குள் கவிழ்த்துச் சுட்டுப் பாருங்கள், படம் அனுப்புங்கள்.