ஒசாகாவில் ஏடிஎம் என் டெபிட் கார்டை ஏற்கவில்லை, கையில் 14,000 யென்தான் இருக்கிறது. உதவி தேவை

நொய்யல்:
வணக்கம் நண்பர்களே. குடும்பத்தோடு நான்கு பேர் ஒசாகாவில் இருக்கிறோம். அடுத்து கியோட்டோ, பிறகு ஊர் திரும்புவது. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நிலவரம்:

டெபிட் கார்டு விசா, தனியார் வங்கி. கணக்கில் பணம் இருக்கிறது. ஓர் உள்ளூர் வங்கிக் கிளையின் ஏடிஎம், கார்டை அப்படியே வெளியே தள்ளியது. செவன் இலெவன் கடையில் இருக்கும் ஏடிஎம் ரகசிய எண் வரை வாங்கிக்கொண்டு, ‘உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளவும்’ என்கிறது. கிளம்பும் முன்பே சர்வதேசப் பயன்பாட்டை ஆன் செய்தாயிற்று. மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டு ஹோட்டலிலும் பெரிய கடைகளிலும் வேலை செய்கிறது. கோவையில் வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயம் ஏற்றிவைக்கும் ப்ரீபெய்டு கார்டு) 600 டாலர் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. வங்கிச் செயலியைத் திறந்தால் ‘சிம் சரிபார்ப்பு தோல்வி’ என்று வருகிறது. இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு இங்கே டேட்டாவுக்கு இ-சிம் போட்டிருக்கிறேன்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்துவிடலாமா?

கருவூலம்:
கிரெடிட் கார்டில் பணம் எடுக்காதீர்கள் சார், அது கடைசி வழி. கணக்கைப் பாருங்கள். 1 யென் 60 பைசா என்று வைத்துக்கொண்டால் 50,000 யென் என்பது 30,000 ரூபாய். பணம் எடுத்த கட்டணம் 2.5 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 885. அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது மாற்று விகிதத்துக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 1,239. வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடும். கடையில் தேய்த்தால் கிடைக்கும் வட்டியில்லாத அவகாசம் இதற்குக் கிடையாது. மாதம் 3.5 சதவீத வட்டியில் ஒரு மாதம் கிடந்தால் இன்னொரு 1,239. ஏடிஎம் கட்டணமும் சேர்ந்தால் 3,500 ரூபாயை நெருங்கிவிடும்.

உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உள்ளூர் வங்கியின் ஏடிஎம், கார்டைத் துப்பியது இயல்புதான். ஜப்பானில் பல வங்கி ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டைப் படிக்காது. செவன் இலெவன் ரகசிய எண் வரை வந்து மறுத்ததென்றால் இயந்திரத்தில் பழுதில்லை, மறுப்பு உங்கள் வங்கியிடமிருந்து வருகிறது. காரணம் பெரும்பாலும் சுவிட்சு அல்லது வரம்பு. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிக்குப் பிறகு, புதிதாக வழங்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடையிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் வருகின்றன. மற்றதை நாமே திறக்க வேண்டும். பல செயலிகளில் ‘சர்வதேசம்’ என்ற பெரிய பொத்தானுக்குக் கீழே ஏடிஎம், கடை, ஆன்லைன், தொட்டுச் செலுத்துவது என்று தனித்தனிப் பொத்தான்களும், ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பும் இருக்கும். மேலே ஆன் இருந்தும் கீழே ஏடிஎம் வரம்பு பூஜ்யமாகக் கிடப்பது சகஜம்.

அதுவரை அந்தக் கார்டை மறுபடி மறுபடி செருக வேண்டாம். ரகசிய எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் கார்டு முடங்கும். கணக்கில் பணம் போதாமல் மறுக்கப்பட்டால் அதற்கும் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும்.

தண்டவாளம்:
ஜப்பானில் வசிப்பதால் செயலி விஷயம் நான் சொல்கிறேன். இந்திய சிம்மைத் திரும்பப் போடுங்கள். பேசவோ டேட்டா எடுக்கவோ வேண்டாம். அது போனுக்குள் இருந்து, ரோமிங் திறந்திருந்தால் போதும். டேட்டா இ-சிம்மிலிருந்தே போகட்டும். அமைப்பில் ‘மொபைல் டேட்டா’ எந்தச் சிம் என்பதை மட்டும் சரிபாருங்கள், இல்லாவிட்டால் ரோமிங் டேட்டா கட்டணம் எகிறிவிடும். ஓடிபி குறுஞ்செய்தி வருவதற்கு ரோமிங் அவசியம். ரோமிங் திறக்கப்படவில்லை என்றால் ஹோட்டல் வைஃபையில் இருந்தபடி தொலைபேசி நிறுவனத்தின் செயலியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் 14,000-ஐப் பொத்திப் பொத்திச் செலவிடுங்கள். கன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகள், பல்பொருள் அங்காடி, சங்கிலி உணவகம், ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயில் டிக்கெட், இவை எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டு போதும். நோட்டு கட்டாயம் வேண்டிய இடங்கள் வேறு: கோயில் நுழைவுச்சீட்டு, ராமன் என்னும் நூடுல்ஸ் விற்கும் சின்னக் கடை, சந்தைத் தெரு, ஐகோகா என்னும் ரயில், பேருந்துப் பயண அட்டையில் பணம் ஏற்றும் இயந்திரம். அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை ரொக்கத்தை மட்டுமே வாங்கும்.

நொய்யல்:
சிம்மைப் போட்டதும் செயலி திறந்துவிட்டது. கருவூலம் சொன்னதுதான். கடைக்கு ஆன், ஆன்லைனுக்கு ஆன், சர்வதேச ஏடிஎம் வரம்பு 0. அதை 50,000 ரூபாய்க்கு ஏற்றினேன், அதற்கு மேல் செயலி விடவில்லை. மறுபடி செவன் இலெவன் போய் ஒரேயடியாக 1,00,000 யென் கேட்டேன். மீண்டும் மறுப்பு!

கருவூலம்:
1,00,000 யென் என்பது சுமார் 60,000 ரூபாய். மார்க்கப்பும் சேர்ந்தால் 62,000 தாண்டும். உங்கள் வரம்பு 50,000. வரம்பை மீறிக் கேட்டால் பாதியைக் கொடுக்கும் வழக்கம் ஏடிஎம்மிடம் இல்லை, முழுவதையும் மறுத்துவிடும். 50,000 யென் கேளுங்கள். இன்னும் வேண்டுமானால் வங்கியின் அடுத்த நாளில் எடுங்கள். வரம்பு இந்திய நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும், அதாவது ஜப்பானில் அதிகாலை 3.30. ஜப்பான் நேரப்படி இரவு ஒரு மணிக்குப் போய் ‘இன்று புது நாள்தானே’ என்று முயன்றால் நடக்காது.

திரையில் வருபவை: மொழி ஆங்கிலம், பிறகு பணம் எடுத்தல், பிறகு கணக்கு வகை. டெபிட் கார்டுக்கு சேவிங்ஸ். அது மறுத்தால் கரண்ட் அல்லது செக்கிங் என்பதைப் பாருங்கள். ஃபாரெக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் கிரெடிட் என்பதை அழுத்த வேண்டியிருக்கும். ப்ரீபெய்டு கார்டு என்பதால் அதற்கு வட்டி எதுவும் ஓடாது, பயப்பட வேண்டாம். எந்தத் திரையிலாவது ‘ரூபாயில் பிடிக்கவா, யென்னில் பிடிக்கவா’ என்று கேட்டால் எப்போதும் யென். கடையில் பில் மெஷினிலும் இதே கேள்வி வரும். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைப்பார், உங்கள் வங்கி வைக்காது. அதில் பல சதவீதம் போய்விடும். அதற்கு மேலும் தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகள் உண்டு. ரூபாய்த் தொகை கண்ணுக்குத் தெரிகிறதே என்ற நிம்மதிக்காக அதை அழுத்துவோர்தான் அதிகம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நொய்யல்:
வந்துவிட்டது! 50,000 யென், ஏடிஎம் கட்டணம் 220 யென். மிக்க நன்றி. தினமும் பத்தாயிரமாக எடுப்பதா, மொத்தமாக எடுப்பதா?

கருவூலம்:
மொத்தமாக. மார்க்கப் சதவீதக் கணக்கு, எப்படி எடுத்தாலும் மாறாது. 30,000 ரூபாய்க்கு 1,239-தான். ஒவ்வொரு முறையும் விழும் நிலைக் கட்டணம்தான் வித்தியாசம். உங்கள் வங்கி ஒரு தடவைக்கு 125 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு 147.50. ஒரே தடவையில் எடுத்தால் மொத்தச் செலவு சுமார் 1,520 ரூபாய். 10,000 யென்னாக ஐந்து தடவை, தடவைக்கு 110 யென் என்று எடுத்தால் சுமார் 2,300. தாய்லாந்தில் இது இன்னும் உறைக்கும். அங்கே வெளிநாட்டுக் கார்டுக்கு ஏடிஎம் தடவைக்குத் தடவை கணிசமான நிலைக் கட்டணம் வாங்குவது வழக்கம்.

சீமைக்கருவேலம்:
இதெல்லாம் எதற்கு? ஊரிலேயே யென் நோட்டாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனால் எந்த இயந்திரத்திடமும் கெஞ்ச வேண்டாம்.

மூன்றாம்படி:
கொஞ்சம் கொண்டுபோவது நல்லதுதான், இறங்கிய முதல் இரவுக்கும் மறுநாளுக்கும் போதுமான அளவு. முழுச் செலவையும் நோட்டாகத் தூக்கிப் போவதை நான் ஏற்க மாட்டேன். தொலைந்தால் திரும்பாது, கார்டு தொலைந்தால் செயலியில் பூட்டலாம். நோட்டு வாங்கும் விகிதம் கார்டில் ஏற்றும் விகிதத்தைவிடப் பொதுவாக மோசம். ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டு வாங்கலாம், சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு. ரூபாய் நோட்டைக் கொடுத்து வாங்குவதானால் 50,000-க்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான் செலுத்தணும்.

நொய்யல் சாரின் ஃபாரெக்ஸ் கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. அதில் இருப்பது டாலர். அப்படியே யென்னில் தேய்த்தால் ‘குறுக்கு நாணயக் கட்டணம்’ விழும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். ஃபாரெக்ஸ் கார்டுக்கு மார்க்கப் கிடையாது என்று விற்பது, ஏற்றிய நாணயத்திலேயே செலவழித்தால் மட்டும்தான் உண்மை. உங்கள் கார்டு பல நாணயக் கார்டாக இருந்தால் செயலிக்குள் டாலர் வாலட்டிலிருந்து யென் வாலட்டுக்கு மாற்றலாம். மாற்றும் முன் காட்டும் விகிதத்தை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள், டாலராகவே இருக்கட்டும்.

வெள்ளோடு:
டிசம்பரில் நாங்களும் ஜப்பான் போகிறோம். எந்தக் கார்டு எடுப்பது? ரூபே கார்டு போதுமா, யுபிஐ ஏதாவது?

மூன்றாம்படி:
ஒரே கார்டு என்று யோசிக்காதீர்கள். மார்க்கப் இல்லாத கிரெடிட் கார்டு ஒன்று, கடைக்கும் ஹோட்டலுக்கும். குறைந்த மார்க்கப் உள்ள டெபிட் கார்டு அல்லது யென் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, ஏடிஎம்முக்கு மட்டும். இரண்டும் வேறு வேறு வங்கி, வேறு வேறு நெட்வொர்க். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டு. ஒன்று பர்சில், மற்றது பெட்டியில். ஹோட்டலும் கார் வாடகைக்காரரும் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அதை டெபிட்டிலோ ஃபாரெக்ஸிலோ பிடிக்க விட்டால் உங்கள் சொந்தப் பணம் நாள்கணக்கில் முடங்கும். அதற்குக் கிரெடிட் கார்டுதான்.

உள்நாட்டு ரூபே கார்டு அங்கே செல்லாது. ரூபே குளோபல் கார்டு டிஸ்கவர் நெட்வொர்க் வழியாகவும், ஜேசிபி முத்திரை சேர்ந்த ரூபே கார்டு ஜேசிபி என்னும் ஜப்பானியக் கார்டு நெட்வொர்க் வழியாகவும் ஓடும். ஜப்பானில் அது கூடுதல் கார்டாக இருக்கட்டும், ஒரே கார்டாக வேண்டாம். ஜப்பான் பயணத்துக்கு யுபிஐயை நம்பக் கூடாது. இலங்கை போகிறவர்களுக்கு வேண்டுமானால் உதவும். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே லங்காகியூஆர் என்னும் கியூஆர் குறியீட்டு அட்டை உள்ள கடைகளில் யுபிஐ ஏற்கிறார்கள்.

வரி பற்றிக் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் டெபிட்டில் செலவழிப்பதும் ஒருவர் வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோக, அனுப்ப உள்ள ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்புக்குள் சேரும். 2025 ஏப்ரலிலிருந்து நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி. வெளிநாட்டில் இருந்தபடி கிரெடிட் கார்டு தேய்ப்பது இப்போதைக்கு அந்தக் கணக்கில் வராது. சுற்றுலாப் பேக்கேஜுக்கு விதி வேறு.

வெள்ளோடு:
நன்றிங்க. கணக்கில் பணம் பிடித்துவிட்டு ஏடிஎம் நோட்டு தராவிட்டால்?

கருவூலம்:
ரசீது வந்தால் எடுத்துவையுங்கள். வராவிட்டால் இயந்திரத்தின் எண், இடம், நேரம் எல்லாவற்றையும் படம் பிடித்து, அன்றே உங்கள் வங்கியில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். ஏடிஎம்காரரிடம் வாதாடிப் பயனில்லை. இந்தியாவில் ஐந்து நாளுக்குள் திருப்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் என்ற விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வெளிநாட்டில் நடந்தது விசா, மாஸ்டர்கார்டு வழியான தகராறு நடைமுறையில் போகும், வாரக்கணக்கில் ஆகும். இதனால்தான் மொத்தப் பயணப் பணமும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது.

தண்டவாளம்:
நோட்டு பற்றி ஒன்று. 2024 ஜூலை 3 அன்று புதிய யென் நோட்டுகள் வந்தன. சின்ன ராமன் கடைகளில் வாசலில் நிற்கும் டிக்கெட் இயந்திரங்களில் பழையவை இன்னும் இருக்கின்றன. அவை புது நோட்டை வாங்காது, சில 1,000 யென் நோட்டை மட்டும்தான் வாங்கும். ஏடிஎம்மில் 10,000 நோட்டாக வந்தால் அடுத்த கன்பினியில் தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள், முகம் சுளிக்காமல் சில்லறை தருவார்கள். கியோட்டோ பேருந்தில் ஐகோகா இல்லாவிட்டால் சரியான சில்லறை போட வேண்டும். பேருந்துக்குள் சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கும், ஆனால் 10,000 நோட்டு அதில் செல்லாது. ஏறும் முன்பே மாற்றிவிடுங்கள்.

நொய்யல்:
கடைசிக் கேள்வி. மிச்சமாகும் யென்னையும் டாலரையும் என்ன செய்வது?

தண்டவாளம்:
நாணயத்தை இந்தியாவில் மாற்ற முடியாது. கிளம்பும் முன் கன்பினியில் ஏதாவது வாங்கி நாணயங்களைச் செலவழித்துவிடுங்கள். ஐகோகாவில் இருப்பதைச் செலவழித்துப் பூஜ்யமாக்கிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் அதிலிருந்து 220 யென் கழிப்பார்கள், 500 யென் டெபாசிட் முழுதாக வரும். கான்சாய் விமான நிலையத்தில் உள்ள ஜேஆர் நிலையத்திலேயே முடிக்கலாம். டோக்கியோவில் வாங்க மாட்டார்கள்.

மூன்றாம்படி:
ஃபாரெக்ஸ் கார்டில் மிஞ்சிய டாலரை அவசரப்பட்டு ரூபாயாக்க வேண்டாம், திரும்ப வாங்கும் விகிதம் குறைவு. ஆனால் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம், உங்கள் மிச்சம் அதற்குள்தான் வரும். கார்டு காலாவதியாகும் மாதத்தையும், பயன்படுத்தாத கார்டுக்குக் கட்டணம் ஏதாவது உண்டா என்பதையும் மட்டும் கட்டணப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் டெபிட் கார்டின் சர்வதேச ஏடிஎம் வரம்பை மறுபடி 0 ஆக்கிவிடுங்கள்.