ஹெராத் டீச்சரும் எங்கள் ஆன்லைன் கணக்கு வகுப்பும்

ஆப்கான் பெண் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் கொஞ்ச காலமாகக் கணக்கு எடுக்கிறேன். ஆனால் என் வேலை சின்னது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, நேரம் குறித்து, நான் வேகமாகச் சொல்லும் இங்கிலீஷை அவர்கள் பேசும் தாரி மொழியில் திருப்பிச் சொல்லும் டீச்சர்தான் எல்லாம். பெயர் வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும்.

முதல் தாலிபான் ஆட்சியில் அவரே ஒளிந்து படித்தவர். ஒருத்தி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தவள் போகவேண்டுமாம். பையில் மேலே குர்ஆன், அடியில் கணக்கு நோட்டு. சக்கீனா யாகூபி 1995-ல் தொடங்கிய ஆப்கான் கல்வி அமைப்பு மட்டுமே அந்தக் காலத்தில் 80 வீட்டுப்பள்ளிகளில் 3,000 பெண்களைப் படிக்க வைத்தது. யாகூபியும் ஹெராத்காரர்தான், அமெரிக்காவில் படித்துவிட்டு பாகிஸ்தானின் பெஷாவர் அகதி முகாம்களுக்கு வந்து வேலையை ஆரம்பித்தவர். அவர் வழியில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஊர்க்காரர்களே வந்து பள்ளி வேண்டும் என்று கேட்கவேண்டும், இடமும் அவர்களே தரவேண்டும். தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தவன் எப்படிக் காட்டிக்கொடுப்பான்?

இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. 2022 மார்ச் 23 அன்று மேல்வகுப்புகளைத் திறந்து சில மணி நேரத்திலேயே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது, 2024 டிசம்பரில் நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பும் போயிற்று. எங்கள் வகுப்பில் ஒரு பெண் மருத்துவச்சிப் படிப்பில் பாதி தாண்டியிருந்தாள். அந்த வாரம் அவள் கேட்டது, "உஸ்தாத் (ஆசிரியரே), மருந்து அளவுக் கணக்கை மட்டும் முடித்துவிடலாமா?" 5 மி.லி.யில் 250 மி.கி. இருந்தால் 100 மி.கி.க்கு எத்தனை மி.லி., இந்த மாதிரி. 2 என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்க நெட்டை அறுத்தார்களே, அப்போது நான் இங்கே பதறிக்கொண்டிருந்தேன். லைன் வந்ததும் டீச்சர் குரல்செய்தி அனுப்பினார்: பக்கத்துத் தெருப் பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்து நேரிலேயே நடத்திவிட்டாராம், பின்னங்கள் முடிந்துவிட்டதாம், நான் தசமத்திலிருந்து ஆரம்பிக்கலாமாம்!

*

உங்கள் பதிவில் சொன்ன யாகூபி 2015-ல் டெட் (TED) உரை மேடையில் பேசியதைப் பார்த்திருக்கிறேன். காபூலுக்கு வடக்கே துப்பாக்கியோடு இளைஞர்கள் காரை மறித்து, பெண்களுக்குச் சொல்லித் தருகிறாய், எங்களுக்கு என்ன வழி என்று கேட்டார்களாம். அவர்களுக்கும் பயிற்சி ஏற்பாடு செய்திருக்கிறார். சரி, உங்கள் வகுப்புக்கு இன்னொரு ஆள் வேண்டுமா? அறிவியல் எடுப்பேன், தாரி தெரியாது.

*

தாரியை டீச்சர் பார்த்துக்கொள்வார். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், வெள்ளிக்கிழமை லீவு. வேறு எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் சொல்லுங்கள். கேமரா யாரும் போடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்.